பழைய மோட்டார் சைக்கிளில் செயினும் பின்சக்கரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பக்கம் ட்ரம் பிரேக், இரண்டு ஷாக் அப்சார்பர், பின்சக்கரத்தின் நடுத்தண்டான ஆக்ஸிலின் இரு முனையிலும் செயின் அட்ஜஸ்டர் உள்ள பழைய வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. ‘செயின் டைட் பண்ணுவது’ என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்த வேலையில் செயினை யாரும் தொடுவதில்லை. பின்சக்கரத்தைத்தான் பின்னால் நகர்த்துகிறோம். சக்கரம் நகர்ந்தால் பிரேக் நகரும், வண்டியின் நேர்க்கோடும் நகரும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

செயின் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. சாலை வண்டிகள் பலவற்றில் அது 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் வரும். மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கான, ஷாக் அதிகம் அமுங்கும் வண்டிகளில் இன்னும் கூடுதல். கீழ்ச்செயினின் நடுவில் விரலை வைத்து மேலே தள்ளி, பிறகு கீழே இழுத்து, இரண்டு எல்லைக்கும் இடையே உள்ள மொத்தத் தூரத்தை அளக்க வேண்டும். மேலே மட்டும் தள்ளி அளந்துவிட்டு, ‘பதினைந்துதான் வருகிறது, சரியாக இல்லையே’ என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

வண்டி எந்த நிலையில் நிற்கும்போது அளக்க வேண்டும் என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு வரும்; சைடு ஸ்டாண்டில் சக்கரம் தரையில் இருக்கும்போது வேறொன்று வரும். ஒன்றுக்குச் சொன்ன எண்ணை மற்றொன்றில் பொருத்தினால் கணக்கு தப்பும்.

தளர்வு எதற்கு? இறுக்கமாக வைத்தால் சத்தமாவது குறையுமே?

பக்கவாட்டில் நின்று வண்டியைப் பாருங்கள். கியர்பாக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரம், அதற்குப் பின்னால், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் அச்சு, கடைசியில் பின் ஆக்ஸில். இந்த மூன்று மையங்களும் ஒரே கோட்டில் வரும்போதுதான் சின்னப் பல்சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பின்சக்கரம் கீழே தொங்குகிறது, அதனால் மூன்றும் ஒரு கோட்டில் இல்லை. ஆள் ஏறி, பின்னால் இன்னொருவரும் ஏறி, ஒரு குழியில் இறங்கினால் ஷாக் அமுங்கி மூன்றும் நேர்க்கோட்டுக்கு வருகின்றன. அந்த நொடியில் செயின் விறைக்கிறது. நிற்கும்போது நாம் விடும் தளர்வு அந்த நொடிக்காகத்தான்.

அங்கே தளர்வு மிச்சமில்லை என்றால் ஷாக் அமுங்க முடியாமல் செயினே வண்டியின் எடையைத் தாங்குகிறது. அடி போய்ச் சேருமிடம் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங், அதன் ஆயில் சீல், பின்சக்கர பேரிங். செயினும் வேகமாகத் தேயும். செயின் தளர்ந்தால் ‘சடசட’ என்று கவரில் அடித்து நாள் முழுக்கப் புகார் சொல்லும். இறுகினால் ஒன்றும் சொல்லாது. சில மாதம் கழித்துச் சின்னப் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் கசியும்போதுதான் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஐந்து மில்லிமீட்டர் தளர்வின் பக்கமே நான் நிற்பேன். அளவுக்கு மிஞ்சிய தளர்வும் ஆபத்துதான். கழன்ற செயின் சக்கரத்தைச் சிக்கவைக்கும், இன்ஜின் கேஸையும் உடைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கி மூன்று மையங்களையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயும் செயினில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் போதும். ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால், உங்கள் வண்டிக்கு ஸ்டாண்டில் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பது கையேடு தொலைந்துபோனாலும் கையில் இருக்கும்.

சக்கரத்தைச் சுற்றினால் ஓர் இடத்தில் இறுக்கம், இன்னோர் இடத்தில் தொளதொள. எதை வைத்து அளப்பது?

எப்போதும் மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான். அளப்பதற்கு முன் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, நாலைந்து இடங்களில் ஆட்டிப் பாருங்கள். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. பல்சக்கரமும் மையம் விலகித் தேயும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, செயின் ஓய்ந்துவிட்டது. சில லிங்க் மட்டும் துருப்பிடித்து மடங்காமல் நின்றாலும் இப்படித்தான் காட்டும். அதை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, விரலால் முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள். இளகினால் பிழைத்தது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரம் தரையில் படக் கூடாது.

முதலில், பெடலிலிருந்து பின் பிரேக்குக்குப் போகும் பிரேக் ராடின் முனையில் உள்ள நட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் பின்னால் போகும்போது ராடு இழுபட்டு பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிரேக் பிடித்த சக்கரத்தில் எதை அளந்தாலும் பொய்.

அடுத்தது டார்க் ராடு. பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் இரும்புப் பட்டை அது. பிரேக் போடும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டைதான். அதன் நட்டைச் சற்றே தளர்த்துங்கள்.

பிறகு, ஆக்ஸில் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி எறிந்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் செயின் பக்கம் பெரிய பல்சக்கரத்துக்கென்று தனியே ஒரு குழாய் போன்ற ஆக்ஸிலும் அதற்கொரு பெரிய நட்டும் இருக்கும். பங்க்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது செயினைத் தொடாமல் விடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த நட்டைத் தளர்த்த மறந்தால் ஒரு பக்கம் நகரும், செயின் பக்கம் நகராது. நம்மவர்கள் அட்ஜஸ்டரைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி மரையை அழித்துவிடுவது இங்கேதான்.

இனி அட்ஜஸ்டர். அது தானாகத் திரும்பாமல் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்கள். எண்ணுவதற்கு நட்டின் ஆறு முகங்கள் உதவும். 1.25 மில்லிமீட்டர் புரி உள்ள 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால், ஒரு முகம் திருப்பினால் ஆக்ஸில் நகர்வது சுமார் 0.2 மில்லிமீட்டர். அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு முகத்துக்கே செயினின் தளர்வு பல மில்லிமீட்டர் மாறிவிடும். அதனால் முழுச் சுற்றாகத் திருப்பாதீர்கள். முகம் முகமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். பழைய புல்லட் போன்றவற்றில் போல்ட்டுக்குப் பதில் நத்தை ஓடு வடிவில் பள்ளம் வெட்டிய தகடு இருக்கும். அங்கே இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தேன். அப்படியானால் சக்கரம் நேர்தானே?

புது வண்டியில் பெரும்பாலும் நேர். முப்பது வருடம் ஓடிய வண்டியில் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பக்க அட்ஜஸ்டரை யாரோ மாற்றியிருப்பார்கள், ஸ்விங் ஆர்ம் ஒருமுறை விழுந்து வளைந்திருக்கும், கோட்டையே தொழிற்சாலையில் தோராயமாக அடித்திருப்பார்கள்.

ஆக்ஸிலின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 200 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 1300. ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் மட்டும் பிசகினால், பின்சக்கரம் காட்டும் திசை முன்சக்கரத்தை அடையும்போது ஆறரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். அதனால்தான் ‘கோட்டில் அரைக்கோடு’ வித்தியாசத்துக்கே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

கோட்டைவிட நம்பகமானது ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து ஆக்ஸிலின் மையம் வரை இரு பக்கமும் அளப்பது. டேப்பைவிட, நுனி வளைந்த ஒரு நீளக் கம்பியில் அடையாளம் வைத்து, அதே கம்பியை மறுபக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பது எளிது. எண்ணே வேண்டாம், ஒப்பீடு போதும்.

நூல் கட்டிப் பார்க்கும் முறை எப்படி?

முன்சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் நல்லது. நீளமான நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறத்தில் சுற்றி, இரு முனைகளையும் வண்டியின் இரு பக்கமாக முன்சக்கரத்தைத் தாண்டிக் கொண்டுபோங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், ஸ்டாண்டில் இடிக்காத இடம். இரண்டு நூலையும் விறைப்பாகப் பிடித்து உள்நோக்கிக் கொண்டுவந்தால், பின் டயரின் முன்விளிம்பில் நூல் தொட்டும் தொடாமலும் வரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது முன் டயரைப் பாருங்கள். அது பெரும்பாலும் பின் டயரைவிட ஒல்லியாக இருக்கும் என்பதால் இரு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் இடைவெளி இருக்கும். இடமும் வலமும் அந்த இடைவெளி சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே தடத்தில் உள்ளன. இடப்பக்கம் அதிகம், வலப்பக்கம் குறைவு என்றால் பின்சக்கரம் இடப்பக்கம் பார்க்கிறது. வல அட்ஜஸ்டரை இறுக்கி அந்தப் பக்கத்தைப் பின்னே இழுக்க வேண்டும், அல்லது இடப்பக்கத்தைத் தளர்த்தி முன்னே விட வேண்டும். டயரில் எழுத்து புடைத்திருக்கும் இடத்தில் நூல் பட்டால் ஏமாற்றும். சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி பாருங்கள்.

ரிம் கோணலாக இருந்தால் இதெல்லாம் வீண். முதலில் சக்கரத்தைச் சுற்றி, ஸ்விங் ஆர்மில் ஒரு பென்சிலை ஊன்றி ரிம்முக்கு அருகே வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் ரிம்மின் ஆட்டத்துக்கு எல்லை 2 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் ஸ்போக் வேலை முன்னே, செயின் வேலை பின்னே.

சக்கரம் நேராக வந்தால் செயின் கோணலாக ஓடுகிறது. எதை விட்டுக்கொடுப்பது?

எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வரவில்லை என்றால் வேறெங்கோ தவறு இருக்கிறது. வாஷர், ஸ்பேசர் பக்கம் மாறிப் போயிருக்கலாம், பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருக்கலாம், ரிம்மை ஹப்பின் மையத்துக்குக் கட்டாமல் ஸ்போக் போட்டிருக்கலாம், ஸ்விங் ஆர்ம் முறுக்கியிருக்கலாம்.

செயினின் நேரைப் பார்க்க, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பெரிய பல்சக்கரத்தின் மேலிருந்து செயினை முன்னோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். அம்பு போல ஓட வேண்டும். கோணல் பழையதென்றால் பல்லின் ஒரு பக்கக் கன்னம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், லிங்க்கின் உள் தகடும் அதே பக்கம் மின்னும். காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவசரத்துக்கு ஓட்டியே ஆக வேண்டும் என்றால் சக்கரத்தை நேராக வையுங்கள். செயின் தேய்ந்தால் பணம்தான் போகும்.

ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் செயின் அளவு மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். நட்டை முறுக்கும்போது ஆக்ஸில் பின்னால் நழுவும், செயின் விறைக்கும். சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி அட்ஜஸ்டரில் அழுத்தி வைத்தபடிதான் நட்டை இறுக்க வேண்டும். முழங்காலால் டயரைத் தள்ளுவது ஒரு வழி. இன்னொன்று, சுருட்டிய துணியைக் கீழ்ச்செயினுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே கொடுத்துச் சக்கரத்தைக் கையால் முன்பக்கம் கொஞ்சம் உருட்டுவது. செயின் விறைத்து ஆக்ஸிலைத் தானே முன்னே இழுத்துப் பிடிக்கும். விரல் அங்கே இருக்கக் கூடாது.

இறுக்கும் நேரத்தில் பிரேக் பெடலையும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஷூக்கள் ட்ரம்மின் நடுவில் சரியாக உட்காரும். நட்டை முழுதும் இறுக்கிய பிறகு தளர்வை மறுபடி அளங்கள். சரியாக இருந்தால்தான் லாக் நட், அதன்பிறகு புதிய ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம். ஒருமுறை மடங்கிய கம்பி இரண்டாம் முறை மடங்கும்போது முறியும்.

பிரேக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

டார்க் ராடு நட்டு. இதற்குத் தனிக் கேள்வி வைத்ததே அதற்காகத்தான். வெகுநாள் முன்பு ஒரு சாயங்காலம், இருட்டுவதற்குள் முடிக்கும் அவசரத்தில், அந்த நட்டைக் கையால் திருகியதோடு விட்டுவிட்டேன். மறுநாள் முதல் பிரேக்கில் பின்னால் ‘டக்’ என்றொரு சத்தம். மெதுவாகப் போனதால் இறங்கிப் பார்த்தேன். நட்டு இல்லை, போல்ட் பாதி வெளியே. அது முழுதாக விழுந்திருந்தால் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சுற்றி, ராடைச் சுருட்டி, சக்கரத்தை அப்படியே பூட்டியிருக்கும். அன்றிலிருந்து எல்லாம் முடிந்ததும் அந்த நட்டை ஸ்பேனரால் தொட்டுவிட்டுத்தான் கை கழுவுகிறேன். அதிலும் ஸ்பிளிட் பின் துளை இருந்தால் பின் போடுங்கள்.

பிறகு பெடலின் ஆட்டம். பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உரசல் இல்லாமல் ஓட வேண்டும். கடைசியாகப் பிரேக் லைட் சுவிட்ச். பெடலின் நிலை மாறினால் விளக்கு எரிந்தபடியே இருக்கும், அல்லது எரியவே எரியாது.

செயின் ஓய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

பெரிய பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் முடிந்தது.

அளந்து பார்க்க வேண்டுமென்றால், செயினை விறைப்பாக வைத்து 21 பின்களை எண்ணுங்கள்; முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை 20 இடைவெளி. 428 போன்ற, 4-ல் தொடங்கும் செயின்களில் ஓர் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், 20-க்கு 254. அது 259-ஐத் தொட்டால் மாற்றுங்கள். 520, 530 போன்ற 5-ல் தொடங்குபவற்றில் ஓர் இடைவெளி 15.875, 20-க்கு 317.5. அங்கே 320-ஐத் தாண்டும்போதே புதுச் செயினுக்குச் சொல்லிவைக்கலாம்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோம், தகடு நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் புஷ்ஷும் தலைமுடி அளவு தேய்கின்றன. நூற்றுப் பத்து லிங்க்கில் அது சேர்ந்துவிடுகிறது. 110 லிங்க் உள்ள 428 செயின் நூற்றுக்கு ஒன்று வளர்ந்தாலே 14 மில்லிமீட்டர் கூடுதல், அதை எடுக்கச் சக்கரம் 7 மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும்.

பல்சக்கரத்தின் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் செயின், இரண்டு பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே பழசாகிவிடும்.

அட்ஜஸ்டர் கடைசிவரை போய்விட்டது. லிங்க் வெட்டிவிடலாமா?

அட்ஜஸ்டர் கடைசிக்குப் போகிற அளவுக்குத் தேய்ந்த செயினை வெட்டினால் தேய்ந்த குட்டைச் செயின் கிடைக்கும், அவ்வளவுதான். புதுச் செயினே நீளமாக வந்திருந்தால் வெட்டலாம். உள் லிங்க் ஒன்று, வெளி லிங்க் ஒன்று என்று இரண்டாகத்தான் வெட்ட முடியும். ஒற்றைப்படையில் வெட்டினால் இணைக்க வளைந்த அரை லிங்க் வேண்டும். அது செயினிலேயே பலவீனமான இடம்.

இணைப்பு லிங்க்கின் கிளிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கிளிப் மீன் மாதிரி இருக்கும். செயின் ஓடும் திசையில் மீனின் தலை, அதாவது மூடிய முனை, முன்னே போக வேண்டும். பிளந்த வால் பின்னே. மேல்ச்செயினில் மாட்டினால் தலை வண்டியின் முன்பக்கம். கீழ்ச்செயின் பின்னோக்கி ஓடுவதால் அங்கே தலை பின்பக்கம். பலரும் குழம்புவது இங்கேதான். மேலே கொண்டுவந்து மாட்டிவிட்டால் குழப்பமில்லை.

எல்லாம் சரியாக வைத்தும் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ‘டொக்’ என்று இடித்து இழுக்கிறது.

செயினை விட்டுவிட்டு ஹப்புக்குள் பாருங்கள். பெரிய பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே கப்ளிங் ரப்பர்கள் இருக்கும். வண்டியை கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால், பல்சக்கரம் அசையாமல் சக்கரம் மட்டும் தாராளமாக ஆடுகிறதா? ரப்பர் போய்விட்டது. இதைச் செயின் தளர்வு என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அப்படியே டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பேரிங், ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைந்தால் அதன் புஷ். இவை போன வண்டியில் நூல் பிடித்து நேர் பார்ப்பது கிணற்றில் விட்ட கல்.

எண்ணெய் எது, எப்போது?

ரப்பர் வளையமில்லாத பழைய செயினுக்கு 90 கியர் ஆயில் போதும். ஓட்டி முடித்து, செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், தகடுகளின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மழையில் நனைந்தால் அன்றே. வெளியே பூசிய கிரீஸ் மண்ணைப் பிடித்து உப்புத்தாளாக மாறும். ரப்பர் வளையமுள்ள ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம்.

இன்ஜினை கியரில் ஓடவிட்டு எண்ணெய் விட்டால் சீக்கிரம் முடியுமே?

துணி சிக்கி, அதோடு விரலும் போகும். கையால் சுற்றுங்கள்.

என்னுடையது பழைய பிரிட்டிஷ் வண்டி. ஏதாவது மாறுமா?

கியர்பாக்ஸ் தனியாக இருக்கும் வண்டிகளில், உதாரணமாக நார்ட்டன் கமாண்டோவில், இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினைச் சரிசெய்ய கியர்பாக்ஸையே நகர்த்த வேண்டும். கியர்பாக்ஸ் நகர்ந்தால் பின்செயினின் தளர்வும் மாறும். ஆகவே பிரைமரி செயின் முதலில், பின்செயின் அடுத்து, பிரேக் கடைசியில். பின் சஸ்பென்ஷனே இல்லாத இன்னும் பழைய வண்டி என்றால் ஆள் ஏறினாலும் ஆக்ஸில் நகராது, அதனால் தளர்வு குறைவாகவே போதும்.

முடித்த பிறகு?

மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, 50 கிலோமீட்டர் கழித்து ஆக்ஸில் நட், லாக் நட், டார்க் ராடு மூன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புதுச் செயின் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டரில் அது உட்காரும்போது தளர்வு வேகமாகக் கூடும். அப்போது ஒருமுறை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.